லீவர் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம்

ஹாலோமூர்,
12 அக்டோபர் 1971

திரு. ஹோரஸ் மெட்காஃப் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். பிரிக்ஃபோர்ட் மாடல் எஞ்சின் சங்கத்தின் கண்காட்சிகளில் பல வருடம் தேநீர் ஊற்றியவள். கிளிஃபர்ட் சக்டனின் மனைவி. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியிலிருந்து விதவை. இதயம் என்றார் டாக்டர்.

அவர் ஒரு எஞ்சினை முடிக்காமல் விட்டுப் போயிருக்கிறார். சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சினின் மாடல். இரண்டு சிலிண்டர், நடுவில் வடம் சுற்றும் உருளை, முன்னும் பின்னும் ஓட்டுவதற்கு லீவர். எல்லாம் செய்துவிட்டார். நான்கு எக்சென்ட்ரிக் வட்டு மட்டும் பாக்கி. அவை இல்லாமல் வால்வு அசையாது, வால்வு அசையாமல் எஞ்சின் ஓடாது என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். அலமாரி மேல் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் "அழகா இருக்கு, ஓடுமா?" என்று கேட்கிறார்கள். ஓடாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு முறையாவது அது ஓடிப் பார்க்க வேண்டும்.

எக்சென்ட்ரிக் கடைவதில் உங்களை விடத் துல்லியமான ஆள் சங்கத்தில் இல்லை என்று செயலாளர் சொன்னார். அதனால் கேட்கிறேன்.

1960 கண்காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை. அவர் காட்சிக்கு வைத்த முதல் எஞ்சினும் இதே மாதிரிதான்; அதற்கு நீங்கள்தான் நடுவர். பதினொரு மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு, தாளில் "லீவர் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம்" என்று எழுதினீர்கள். அந்தத் தாள் மூன்று நாள் சுவரில் தொங்கியது. கிளிஃபர்ட் அப்போது இருபத்தாறு வருடமாகச் சுரங்கத்தில் அதே லீவரைப் பிடித்து மனிதர்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

அதைப் பற்றிப் பேசுவதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. எக்சென்ட்ரிக் பற்றித்தான்.

இப்படிக்கு,
எட்னா சக்டன்


பிரிக்ஃபோர்ட்,
17 அக்டோபர் 1971

மதிப்பிற்குரிய திருமதி சக்டன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரங்கல் தெரிவிக்க வேண்டிய கடிதத்தை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு முறை எழுதத் தொடங்கினேன். இரண்டுமே வேலை விண்ணப்பம்போல் வந்தன. அடக்கத்தன்று ஹாலோமூர் வரை பஸ்ஸில் வந்தேன். தேவாலயத்துக்கு எதிரே நிறுத்தத்தில் நின்று எல்லாரும் உள்ளே போவதைப் பார்த்தேன். என்னைப் பார்க்க அங்கே யாரும் விரும்ப மாட்டார்கள் என்று தோன்றியது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நான்கு எக்சென்ட்ரிக்கையும் செய்து தருகிறேன். கைம்மாறு எதுவும் வேண்டாம். வரைபடங்களும் குறிப்பேடும் இருந்தால் அனுப்புங்கள்.

1960ஐத் தாங்கள் குறிப்பிட்டதால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய எக்சென்ட்ரிக் இரண்டும் கிராங்குக்கு, அதாவது தண்டைச் சுற்றும் கைக்கு, எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். உங்கள் கணவரின் எஞ்சினில் அவை கிராங்கின் பக்கமே சாய்ந்திருந்தன. அப்படி இருந்தால் லீவரை முன்னால் தள்ளும்போது எஞ்சின் பின்னால்தான் ஓடும். எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். நாற்பது வருடம் தொழிற்சாலையில் அளவு சோதித்தவன் நான். கண்ணில் பட்டதைத்தான் எழுதினேன். அதில் பகை எதுவும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஹோ. மெட்காஃப்


ஹாலோமூர்,
2 நவம்பர் 1971

திரு. மெட்காஃப் அவர்களுக்கு,

பகை இருந்தது என்று நான் சொல்லவில்லையே.

என் அக்கா மகன் லெஸ்லி இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து தருவான். உள்ளே கிராங்க் தண்டு, வரைபடம், குறிப்பேடு. வார்ப்பிரும்புத் துண்டும் அவரே வாங்கி வைத்தது. குறிப்பேட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அவர் என்னிடம் பேசியதைவிட அதனிடம் பேசியது அதிகம்.

அவர் ஊமை இல்லை. கூண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் ஓட்டுகிறவரிடம் யாரும் பேசக்கூடாது என்பது சுரங்கத்தில் சட்டம். மணி மூன்று முறை அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மேனேஜரே வந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கையில் ஏதாவது வேலை இருந்தால் பேச மாட்டார். உருளைக்கிழங்கு உரிக்கும்போதுகூட. கல்யாணமான புதிதில் என் அக்கா கேட்டாள்: "ஏண்டி, உன் வீட்டுக்காரருக்கு எங்க மேல கோவமா, இல்ல கிழங்கு மேலயா?"

குளிர் தொடங்கிவிட்டது. பெட்டியில் ஓரத்தில் இஞ்சி கேக் இருக்கிறது. இந்த மாதத்தில் எல்லார் வீட்டிலும் செய்வதுதான். தனியாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எட்னா சக்டன்


பிரிக்ஃபோர்ட்,
5 டிசம்பர் 1971

மதிப்பிற்குரிய திருமதி சக்டன் அவர்களுக்கு,

கேக்கை என் தங்கை மியூரியல் மூன்றில் இரண்டு பங்கு தின்றாள். நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இதற்குக் காரணம் மற்றவர்தான் என்று இருவருமே சொல்லிக்கொள்கிறோம்.

வேலை நடக்கிறது. எக்சென்ட்ரிக் என்பது துளை நடுவில் இல்லாத வட்டு. துண்டை முதலில் லேத்தில் வட்டமாகக் கடைந்து, பட்டை உட்காரும் பள்ளம் எடுக்க வேண்டும். பிறகு நான்கு தாடைச் சக்கில் பிடித்து, ஒரு பக்கத் தாடையைத் தளர்த்தி எதிர்த் தாடையை இறுக்கி, வட்டை ஓரமாகத் தள்ள வேண்டும். உங்கள் கணவரின் வரைபடப்படி விலகல் ஒரு நூல். அங்குலத்தில் எட்டில் ஒன்று. அப்போது சுற்றிப் பார்த்தால் டயலின் முள் இரண்டு நூல் காட்ட வேண்டும். விலகியது ஒரு பக்கம் ஒரு நூல் உள்ளே, மறுபக்கம் ஒரு நூல் வெளியே அல்லவா?

இதைத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் நான் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொருவனும் முள் ஒரு நூல் காட்டியதும் நிறுத்திவிடுவான். விலகல் பாதியாகிவிடும். அவனைத் திட்டுவேன். போன செவ்வாய்க்கிழமை என் முதல் வட்டில் நானே அந்தத் தப்பைச் செய்தேன். துளையும் போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

மியூரியல் பார்த்துவிட்டு, "நாப்பது வருஷம் அளவு பாத்த ஆளு, ஒரு பிஸ்கட்ல ஓட்டை போட வரலையா?" என்றாள். அதை இப்போது கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போக வேண்டும்.

மற்ற இரண்டு நன்றாக வந்திருக்கின்றன. ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகு இல்லை. உங்கள் கணவரின் எழுத்து சிறியது. குறிப்பேட்டில் தேவையான பக்கம் மட்டும் பார்த்தேன். மற்றதைப் படிப்பது முறையல்ல என்று தோன்றியது.

தங்கள் உண்மையுள்ள,
ஹோ. மெட்காஃப்


பிரிக்ஃபோர்ட்,
19 பிப்ரவரி 1972

திருமதி சக்டன் அவர்களுக்கு,

சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் எங்கள் தெருவில் மின்சாரம் முறைவைத்து வருகிறது. வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்கு, நான்காவது வட்டின் துளையில் பாதி போயிருந்தபோது, லேத் நின்றது. உளி உள்ளேயே இருந்தது. எடுத்தால் அளவு போய்விடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் குறிப்பேட்டைப் படித்தேன்.

புது எஞ்சினின் வரைபடத்துக்கு அடியில் அவர் இப்படி எழுதியிருக்கிறார்: "இந்த முறை ராக்கர் வேண்டாம். போன முறை வைத்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை."

நான் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். 1958ஆம் வருடத்துப் பக்கங்கள். முதல் எஞ்சினின் வரைபடம். தளத்தகட்டின் அடியில், வால்வுக்கும் எக்சென்ட்ரிக்குக்கும் நடுவே, இரண்டு ராக்கர் கைகள். குழந்தைகள் ஏறி இறங்கும் சீசா பலகைபோல் ஒரு முனை முன்னால் போனால் மறுமுனை பின்னால் வரும். வால்வின் அசைவு தலைகீழாகிவிடும். அப்படியிருந்தால் எக்சென்ட்ரிக் கிராங்கின் பக்கம்தான் சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால்தான் தப்பு.

உங்கள் கணவர் சரியாகத்தான் செய்திருந்தார். தப்பு செய்தவன் நான்.

எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவர் காட்சிப்பொருளைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. தூக்கிப் பார்க்க முடியாது. ஆனால் எஞ்சின் நான்கு கால்கள்மேல் நின்றது. அடியில் ஒரு அங்குல இடைவெளி. முழங்காலிட்டுச் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே நீட்டியிருந்தால் ராக்கர் தெரிந்திருக்கும். கண்ணாடி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அன்று மழை. கண்காட்சி நடந்த தேவாலய ஞாயிறு பள்ளிக் கூடத்தின் தரை முழுக்கச் சேற்றுக் காலடி. நான் புதுக் கால்சட்டை போட்டிருந்தேன்.

வேறு காரணம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன், இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சங்கக் குழுவுக்கு எழுதி மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லப் போகிறேன். அந்தப் பழைய எஞ்சின் இன்னும் உங்களிடம் இருந்தால் ஒரு முறை பார்க்க அனுமதிப்பீர்களா?

ஹோரஸ் மெட்காஃப்


ஹாலோமூர்,
26 பிப்ரவரி 1972

திரு. மெட்காஃப் அவர்களுக்கு,

உங்கள் லேத் நின்றதற்கு வேலைநிறுத்தத்தில் இருக்கும் என் அக்கா மகன்கள் மூன்று பேரும் ஒரு காரணம். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நீங்கள் எழுதியது எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். கண்காட்சிக்கு முந்தைய சாயங்காலம் அந்த எஞ்சின் எங்கள் சமையலறை மேஜையில் ஓடியது. லாரி டியூப்பில் காற்றடைத்து அதிலிருந்து குழாய் போட்டோம். பம்பை மிதித்தவள் நான். லீவரை முன்னால் தள்ளினார், முன்னால் சுற்றியது. பின்னால் இழுத்தார், பின்னால் சுற்றியது. என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் உங்கள் தாளைப் படித்தபோது என் கையில் தேநீர்ப் பானை இருந்தது. சங்க விதிப்படி, ஆட்சேபம் இருந்தால் அரை மணிக்குள் எழுத்தில், உறுப்பினரே தர வேண்டும். உறுப்பினரின் மனைவி ரொட்டிக்கு வெண்ணெய் தடவலாம், ஆட்சேபிக்க முடியாது.

அவரிடம் ஓடினேன். எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் சொன்னது இதுதான்:

"கூண்டுல ஆள் இருக்கறப்ப லீவர எந்தப் பக்கம் தள்ளணும்னு எனக்குத் தெரியாதுன்னு செவுத்துல ஒட்டிட்டாங்க எட்னா. அதுக்கு நான் பதில் வேற எழுதணுமா?"

சுரங்க வேலைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அந்தக் கண்காட்சிக்கு வந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் கூண்டுக்கு வரிசையில் நின்ற ஒருவன் எஞ்சின் அறையைப் பார்த்துக் கத்தினானாம்: "கிளிஃப், இன்னைக்கு மேலயா கீழயா? சொல்லிட்டா பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வந்துருவேன்." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அந்தக் குளிர்காலத்திலிருந்து அவர் லீவரைத் தள்ளும் முன் ஒரு கணம் யோசிக்கத் தொடங்கினார். அதுவரை யோசித்ததில்லை. யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது என்றார். இரண்டு வருடம் கழித்து, தாமே கேட்டு, தண்ணீர் இறைக்கும் பம்பு அறைக்கு மாறிக்கொண்டார். அங்கே லீவர் இல்லை. ஒரே பக்கம்தான் ஓடும்.

செயலாளர் உங்கள் பேரைச் சொன்னார் என்றேனே, அது பொய். நானாகத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

எஞ்சின் இருக்கிறது. உங்களுக்குக் காட்ட மாட்டேன். நீங்கள்தான் ஒரு முறை பார்த்துவிட்டீர்களே.

எட்னா சக்டன்


பிரிக்ஃபோர்ட்,
14 மார்ச் 1972

திருமதி சக்டன் அவர்களுக்கு,

பம்பு அறையைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் குனிந்து பார்த்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். 1960 கண்காட்சிக்குப் பிறகு அவர் சங்கத்திலிருந்து விலகுவதாகக் கடிதம் அனுப்பியபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. திறமைசாலிகளுக்குக் கோபம் வருவது சகஜம் என்று முடிவுகட்டிவிட்டேன். ஒரு அளவைச் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

நேற்றுக் குழு கூடியது. புது வெந்நீர்ப் பாத்திரம் வாங்குவதற்கு நாற்பது நிமிடம், உங்கள் கணவருக்கு ஐம்பது நிமிடம். நடுவரின் முடிவே இறுதியானது என்கிறது ஒன்பதாம் விதி. நடுவரே தன் முடிவு தப்பு என்று சொன்னால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அதை எழுதியதில் நானும் ஒருவன்.

தலைவர் ஆர்மிடேஜ், "செத்துப்போன ஆளுக்கு எப்படிப்பா மார்க் போடறது?" என்று கேட்டார். எங்களில் மூத்தவர் வால்டர் ஹெய்க். எப்போதும் தூங்குகிறவர், அன்று விழித்திருந்தார். "உசுரோட இருந்தப்ப மட்டும் ஒழுங்காப் போட்டமா?" என்றார். எஞ்சின் ஓடுவதை எல்லாரும் நேரில் பார்த்தால் திருத்தலாம் என்று முடிவானது.

ஆகவே கேட்கிறேன். எனக்குக் காட்ட வேண்டாம். அவர்களுக்குக் காட்டுங்கள். ஏப்ரல் முதல் தேதி சனிக்கிழமை, அதே ஞாயிறு பள்ளிக் கூடத்தில் இந்த வருடக் கண்காட்சி. ஒரே ஒரு நாள் எஞ்சினைத் தந்தால் போதும்.

நான்கு எக்சென்ட்ரிக்கும் தயார். எண்ணெய்த் தாளில் சுற்றி ஒரு புகையிலை டப்பாவில் தனித் தபாலாக அனுப்பியிருக்கிறேன். அவற்றைத் தண்டில் மாட்டிக் கோணம் வைக்க நான் வர வேண்டுமானால் வருகிறேன். வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன்.

ஹோரஸ் மெட்காஃப்


ஹாலோமூர்,
21 மார்ச் 1972

திரு. மெட்காஃப் அவர்களுக்கு,

டப்பா வந்தது. நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அவர் பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

நீங்கள் வர வேண்டாம். பழைய எஞ்சினை லெஸ்லி வேனில் கொண்டுவருவான். கட்டிலுக்கடியில் கம்பளத்தில் சுற்றி வைத்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் விட்டு வந்தேன்.

நானும் வர மாட்டேன். காரணம் உங்கள் மேல் கோபம் என்று எல்லாரும் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் கால்சட்டையைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகு, இதை மறைத்து வைப்பது நியாயமாகப் படவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் அவர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் சங்கத்துக்குப் போய்விடுவார். சனிக்கிழமை பட்டறை. மற்ற நாளெல்லாம் சுரங்கம், அல்லது தூக்கம். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் செவ்வாய்க்கிழமைகளில் கம்பளி பின்னுவேன். விலகல் கடிதம் எழுதியதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் இருந்தார். அதற்கடுத்ததும் இருந்தார். இருவரும் கணப்பருகே உட்கார்ந்து ரேடியோ கேட்டோம். நான் சந்தோஷமாக இருந்தேன் திரு. மெட்காஃப். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

எஞ்சின் சரியாக ஓடியதைப் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். செயலாளரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் என்ன, காது இல்லாமலா போய்விடும்? உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். சொன்னால் அவர் திரும்பப் போய்விடுவார். அதனால் சொல்லவில்லை. இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் பம்பு அறைக்கு மாறிவிட்டதாக வந்து சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஒன்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் சொல்வதற்கான நேரம் போய்விட்டது. சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். கேட்காமல் என்னைப் பார்ப்பார். அது அதைவிட மோசம்.

தப்பை ஒப்புக்கொள்ள உங்களுக்கு ஒரு பிற்பகல் ஆனது. எனக்குப் பதினோரு வருடம் இருந்தது.

எட்னா சக்டன்


பிரிக்ஃபோர்ட்,
3 ஏப்ரல் 1972

அன்புள்ள திருமதி சக்டன் அவர்களுக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதற்கு மதிப்பெண் போடும் வேலையும் எனக்கு வேண்டாம். எனக்கு ஒன்றுதான் தெரியும்: அந்தத் தாளை எழுதியது நான். நீங்கள் இல்லை.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பதினோரு மணிக்கு லெஸ்லி எஞ்சினை இறக்கினான். 1960இல் இருந்த அதே மேஜையைத் தேடிப் போட்டார்கள். நான் பழைய தாளைச் சத்தமாகப் படித்தேன், என் கையெழுத்து வரை. பிறகு முழங்காலிட்டு, கண்ணாடியை அடியில் நீட்டினேன். இரண்டு ராக்கரும் தெரிந்தன. எழுந்திருக்க லெஸ்லியின் கை தேவைப்பட்டது. ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னேன். இருபத்தேழு பேர் முழங்காலிட்டார்கள். வால்டர் ஹெய்க் தரையில் படுத்தேவிட்டார். பார்த்து முடித்து, படுத்தபடியே, "இவ்வளவுதானா?" என்றார்.

பிறகு காற்றைத் திறந்தோம். லீவரைத் தொட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. லெஸ்லியைத் தள்ளச் சொன்னேன். முன்னால் தள்ளினான், முன்னால் சுற்றியது. பின்னால் இழுத்தான். நின்று, பின்னால் சுற்றியது. நடுவில் வைத்தான், நின்றது. ஹாலோமூரிலிருந்து வந்திருந்த வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். 1960இல் கூண்டு வரிசையில் கத்தியவர் தாம்தான் என்று பிறகு என்னிடம் வந்து சொன்னார். உங்களிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

பதினொரு மதிப்பெண்ணும் சேர்ந்தால் உங்கள் கணவர் அந்த வருடம் முதலிடம், இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில். அன்று முதல் பரிசு வாங்கிய ரோபாத்தம் என்பவர் அந்தக் கோப்பையைக் காய்கறிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "எடுத்துக்கங்கப்பா, வீட்டுல தூசி துடைச்சு மாளல" என்றார். ஆனால் கொடுக்கும்போது கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

கிராங்க் தண்டையும் வரைபடத்தையும் குறிப்பேட்டையும் லெஸ்லியிடம் கொடுத்தனுப்பினேன். கோப்பை மட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. எப்போது, எப்படித் தரட்டும்? நடுவர் வேலையை விட்டுவிட்டேன். இனி அந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகக் குழு ஒரு சாக்கு வாங்கி வைக்கப் போகிறது. முழங்காலுக்கு.

ஹோரஸ் மெட்காஃப்


ஹாலோமூர்,
7 மே 1972

அன்புள்ள ஹோரஸ்,

உடனே பதில் எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருப்பீர்கள். வேலை இருந்தது.

கோப்பையை ரோபாத்தத்திடமே திருப்பிக் கொடுங்கள். அவர் செய்த மாடல் வண்டியும் நன்றாகத்தான் ஓடும், நான் பார்த்திருக்கிறேன். தொப்பியைக் கழற்றியவர் ஆல்பர்ட் நட்டர் என்று லெஸ்லி சொன்னான். மூன்று வாரமாக என் வீட்டு வாசலில் கரி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறவர் யார் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

புது எஞ்சினுக்கு எக்சென்ட்ரிக் மாட்டினேன். நானே. முப்பது வருடம் விளக்குப் பிடித்திருக்கிறேன், அளவை வாசித்துக் காட்டியிருக்கிறேன், ஒரு திருகைக்கூட முடுக்கியதில்லை. எக்சென்ட்ரிக்கைத் தண்டில் செலுத்த வசதியாக, கிராங்க் வட்டுகளை அவர் கழற்றி மாட்டும்படி விட்டிருந்தார். இரண்டு வாரம் ஆனது. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கிராங்கின் பக்கம். அதுதான் சரி என்று பதினோரு வருடமாக மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தவள் அல்லவா? அவருடைய வரைபடத்தைப் பார்க்கக்கூட இல்லை.

டியூப்பில் காற்றடைத்தேன். லீவரை முன்னால் தள்ளினேன். தயங்கித் தயங்கி, நொண்டிக்கொண்டு, பின்னால் சுற்றியது.

முதலில் புரியவில்லை. லீவரை இழுத்துப் பார்த்தேன். முன்னால் போனது. பிறகுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது. இந்த முறை ராக்கர் வேண்டாம். அவர் எழுதிவைத்தது, நீங்கள் கண்டுபிடித்தது, நான் உங்கள் கடிதத்தில் நான்கு முறை படித்தது. இருந்தும் குனிந்து அடியில் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. லீவர் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம். நீங்கள் அங்கே இருந்து பதினொரு மதிப்பெண் கழித்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது.

நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அது சிரிப்பாக இல்லை. ஆகஸ்டிலிருந்து அழாததையெல்லாம் அழுது முடித்தேன். டியூப்பில் காற்று தீரும் வரை எஞ்சின் அது பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சாகவில்லை.

மறுநாள் நான்கையும் தளர்த்தி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று திருப்பி வைத்தேன். இப்போது சரியாக ஓடுகிறது. மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு மூச்சும் தனியாகக் கேட்கிறது, நான்கும் ஒரே அளவில். அது உங்கள் வேலை.

ஒன்றுதான் பாக்கி. தளத்தகட்டின் முன்பக்கம், பெயர்த் தகட்டுக்காக இரண்டு திருகுத் துளை போட்டு வைத்திருக்கிறார். தகடு செய்யவில்லை. பித்தளையில் ஒன்று வேண்டும். கிளிஃபர்டின் பெயர் மேலே. எக்சென்ட்ரிக் செய்தவர் பெயர் அடியில், சின்ன எழுத்தில். என் பெயர் வேண்டாம். துளைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று என் தையல் நாடாவால் அளந்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டுகிறது. நீங்கள் வந்து அளந்துகொண்டு போவதுதான் நல்லது. மியூரியலையும் அழைத்து வாருங்கள், கேக் செய்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன்.

எட்னா